ஆர்கோவுக்கு 22 குதிரைவலு இஞ்சின்: கிரான் வயல் பக்கமிருந்து ஒரு மதிப்பீடு

தண்ணீரிலும் தரையிலும் ஓடும் எட்டுச் சக்கர வண்டியான ஆர்கோவுக்குப் பெரிய இஞ்சின் போடலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேற்றில் பாரம் இழுக்க வேண்டுமென்றால் தாராளமாகப் போடுங்கள். தண்ணீரில் வேகமாகப் போக வேண்டுமென்றால் அந்தக் காசை இஞ்சினில் போடாதீர்கள்.

எங்கள் வயல் மட்டக்களப்பு மாவட்டத்தில், கிரான் பாலத்துக்கு அப்பால் இருக்கிறது. மாரியில் வெள்ளம் வந்தால் புலிபாய்ந்தகல் வீதி தண்ணீருக்குள் போய்விடும். உழவு இயந்திரம் போகாது. தோணியில் போகலாம், ஆனால் இறங்கிய பிறகு வாடி, அதாவது வயல் குடிசை வரைக்கும் சேற்றுக்குள் உரமூட்டையைத் தோளில் சுமக்க வேண்டும். இந்தக் கனடா வண்டியைக் கொழும்பில் பழையதாக வாங்கியது அதற்காகத்தான். அதில் இருந்த 18 குதிரைவலு இஞ்சின் நன்றாக உழைத்து ஓய்ந்துவிட்டது. நாலு மூட்டை யூரியா, அதாவது 200 கிலோ, அதோடு இரண்டு ஆட்கள் என்றால் வரம்பு ஏறும்போது மூச்சு வாங்கும்.

நான் போட்டது ஹொண்டா ஜிஎக்ஸ் 690. இரட்டைச் சிலிண்டர், 688 சிசி, காற்றால் குளிரும் இஞ்சின். நிமிடத்துக்கு 3600 சுற்றில் 22.1 குதிரைவலு. பதினெட்டுக்கும் இருபத்திரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். ஆனால் வயலில் எங்களுக்கு வேண்டியது இழுவை. இந்த இஞ்சின் தன் முழு இழுவையையும் 2500 சுற்றிலேயே தந்துவிடுகிறது. முழுக்க முறுக்காமலே சேற்றிலிருந்து வண்டி எழும்பி வருகிறது. அந்த வகையில் எனக்கு முழுத் திருப்தி.

வாங்கும்போது கிராங்க் ஷாப்டை, அதாவது இஞ்சினிலிருந்து வலுவை வெளியே தரும் சுழல் தண்டைக் கட்டாயம் பாருங்கள். இதே இஞ்சின் பல வகை ஷாப்டுகளோடு வருகிறது: நேரானது, கூம்பானது, விட்டம் வேறானது. எனக்கு இஞ்சின் தந்த கடைக்கு அளவை எழுதியே கொடுத்திருந்தேன். அப்படியிருந்தும் கூம்பு ஷாப்ட் உள்ளதை அனுப்பிவிட்டு, பெட்டி திறந்தாயிற்று, மாற்ற முடியாது என்றார்கள். நிறையப் பேசித்தான் மாற்றினேன். ஆர்கோவின் கிளச் இஞ்சினின் ஷாப்டில் நேரடியாக ஏறி உட்கார வேண்டும். அதில் சமாளிப்பு வேலைக்கு இடமில்லை.

பொருத்திக் கொடுத்தது மட்டக்களப்பு நகரத்துக்கு வெளியே, படகு இஞ்சினும் லேண்ட் மாஸ்டர் என்ற இரண்டு சக்கர உழவு இயந்திரமும் திருத்தும் ஒரு சின்ன வேலைத்தளம். அதை நடத்தும் தம்பியின் வேலையைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். "அண்ண, இஞ்சினைத் தூக்கி வைக்கிறது லேசு. பெல்ட்டுத்தான் கதை சொல்லும்" என்றார். ஓம், அதுதான் உண்மை. இந்த வண்டியில் இஞ்சினிலிருந்து கியர்பெட்டிக்கு வலு போவது ஒரு பெல்ட் வழியாக. சுற்று ஏற ஏற முன் கிளச் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும். பழைய இஞ்சினுக்கு அமைத்த ஸ்பிரிங்கை அப்படியே விட்டால் பெல்ட் பிந்திப் பிடித்து வண்டி குதிக்கும், பெல்ட்டும் கருகும். அவர் ஸ்பிரிங்கை மாற்றிப் போட்டு, சேற்றில் ஆமை போல ஊர்ந்து புறப்படும் அளவுக்குக் கொண்டுவந்தார். இஞ்சின் பக்கத்துக் கிளச்சும் கியர்பெட்டிப் பக்கத்துக் கிளச்சும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று நேரான இரும்புப் பட்டை வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தார். போல்ட் துளைகள் பொருந்தாததால் லேத்தில் ஒரு தடித்த தகடு வெட்டினார்.

அடுத்தது சூடு. ஆர்கோவின் உடல் முழுக்கப் பிளாஸ்டிக். தண்ணீர் புகக்கூடாது என்பதால் கீழே திறப்பு வைக்க முடியாது. காற்றால் குளிரும் இஞ்சினை மூடிய பெட்டிக்குள் வைத்தால் தன் சூட்டையே அது திரும்ப இழுத்துக் கொள்ளும். அதனால் சூடான காற்று மேலே வெளியேறத் தகரத்தில் தனிக் குழாய் அடித்தார். சைலன்சருக்கும் உடலுக்கும் நடுவே இரும்புத் தகடு, அதற்குள் சூடு தாங்கும் துணி. வேறு யாரிடம் கொடுத்தாலும் இதைச் செய்யச் சொல்லுங்கள். செய்ய மாட்டேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

சரி, தண்ணீருக்கு வருவோம். ஆர்கோவைத் தண்ணீரில் தள்ளுவது டயரின் பூக்கள், அதாவது வெளிப்புறத்து மேடுகள்தான். டயர் வேகமாகச் சுற்றினால் நுரைதான் கூடுகிறது. முன்பும் நடை வேகம், இப்போதும் நடை வேகம். இதை எந்த இஞ்சினும் மாற்றாது. வாவி போலத் திறந்த தண்ணீரில்தான் உங்கள் வேலை என்றால் பின்னால் ஒரு சின்ன அவுட்போர்ட் மோட்டாரை மாட்டுங்கள், அதற்கேற்ற தாங்கிகள் இருக்கின்றன. ஆனால் எங்கள் பக்கம் போல சல்வீனியா என்ற மிதக்கும் களையும் புல்லும் அடைத்துக் கிடந்தால் அவுட்போர்டின் விசிறியில் எல்லாம் சுற்றிக்கொள்ளும். அங்கே டயர்தான் ராஜா.

புது இஞ்சின் ஏறத்தாழ 45 கிலோ. அது முன்பக்கம் உட்காருவதால், மிதக்கும்போது மூக்குத் தாழாமல் இருக்கப் பற்றரியையும் பெற்றோல் கேனையும் பின்னுக்கு மாற்றினோம். மூட்டைகளையும் பின்னால்தான் அடுக்குகிறோம். இழுவை கூடிய பிறகு சக்கரச் செயின்கள் சீக்கிரம் தளர்கின்றன. அடிக்கடி இறுக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு பக்கத்துச் சக்கரங்களைப் பிடித்து நிறுத்தித்தான் இந்த வண்டி திரும்பும் என்பதால் பிரேக்கும் முன்பைவிடச் சுடுகிறது. வாழைச்சேனைப் பக்கம் உப்புத் தண்ணீரில் இறக்கினால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் கழுவி, அச்சுகளுக்குக் கிறீஸ் அடித்துவிடுங்கள்.

லேத் வேலையும் தகர வேலையும் சேர்ந்து கூலி இஞ்சின் விலையில் பாதியைத் தொட்டது. அதைக் குறைத்துக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அவர் பேசியபடி காசு வாங்கினார், கழற்றிய பழைய சாமான் ஒவ்வொன்றையும் பையில் போட்டுத் திருப்பித் தந்தார். ஒரே குறை, வேலைத்தளத்தில் அவர் தனி ஆள். செய்விக்க நினைப்பவர்கள் புரட்டாதிக்குள் வண்டியைக் கொண்டுபோய் விடுங்கள். ஐப்பசி பிறந்தால் படகு இஞ்சின்கள் அங்கே வரிசையில் வந்து நிற்கும்.