ஜெர்மனியில் கிச்சாப் தேடுபவர்கள் கவனத்திற்கு: ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள்

மலேசியத் தமிழர்களுக்குக் கிச்சாப் என்றால் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சோயா சாஸுக்கு மலாய்ப் பெயர் அது. தண்ணீராக ஓடி உப்புக் கரிப்பது ஒரு வகை. சர்க்கரை தூக்கலாக இருப்பது இன்னொன்று. மூன்றாவது கிச்சாப் பெக்காட். தார் போலக் கறுத்து, குப்பியைச் சாய்த்தால் யோசித்து யோசித்து இறங்கும். மலேசியாவின் கிள்ளானில் அம்மா வைக்கும் கிச்சாப் கோழிக்கும், மாமாக் கடை எனப்படும் இந்திய முஸ்லிம் உணவகங்களின் மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸுக்கும் நிறமும் கனமும் கொடுப்பது இந்த மூன்றாவதுதான். அது கிடைக்காமல்தான் நான் ஏமாந்தேன்.

இருப்பது லைப்சிக்கில். இங்குள்ள ஆசியக் கடைகளில் பலவற்றை வியட்நாமியர்கள் நடத்துகிறார்கள். கிழக்கு ஜெர்மனி தனி நாடாக இருந்தபோது ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்து தங்கிவிட்ட குடும்பங்கள். மீன் சாஸ் கேட்டால் ஒரு சுவர் முழுக்கக் காட்டுவார்கள். கிச்சாப் பெக்காட் கேட்டால் சீனத்து டார்க் சோயாவை எடுத்து நீட்டுவார்கள். அது கறுப்புதான், ஆனால் ஓடும். இந்தோனேசிய இனிப்புக் கிச்சாப்பு டச்சுக்காரர்களின் வழியாக ஐரோப்பாவுக்கு வந்து, இங்கே சாதாரண சூப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கிறது. அதை மட்டும் ஊற்றிக் கோழி வைத்துப் பார்த்தேன். பாயசத்தில் எலும்பு கிடந்தது போல இருந்தது.

எனவே கடந்த அக்டோபரில், தென்கிழக்காசியப் பொருள்களை இணையத்தில் விற்கும் ஒருவரிடம் இரண்டு குப்பிகள் வரவழைத்தேன். குப்பி 11.90 யூரோ, தபால் செலவு 5.90. ஊர் விலையைக் கணக்குப் போட்டால் வயிறு எரியும் என்று போடவில்லை. வங்கி வழியாக முன்பணம் மட்டுமே வாங்குவேன் என்று போட்டிருந்தார். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். தளத்தின் அடியில் இம்ப்ரெஸ்ஸும் என்ற பக்கத்தையும் நான் திறந்து பார்க்கவில்லை. ஜெர்மனியில் வணிகத் தளம் நடத்துபவர் தம் பெயர், முகவரி, தொடர்பு விவரம் ஆகியவற்றை அதில் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். இவர் கொடுத்திருந்தது ஒரு மின்னஞ்சல் மட்டும். நாக்கு ஊருக்குப் போய்விட்டால் கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை.

பார்சல் வந்த சனிக்கிழமை, அலுவலகத் தோழி ஒருத்தி சாப்பிட வருவதாக இருந்தது. அவளுக்குச் சீலியாக் நோய், கோதுமை ஆகாது. குப்பியின் பின்பக்கம் ஜெர்மன் மொழியில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர்: சோயா மொச்சை, சர்க்கரை, உப்பு, தண்ணீர், நிறமூட்டி. கழுத்தில் இன்னொரு சின்ன ஸ்டிக்கர்: 2026 ஜூன் வரை நன்றாக இருக்கும். கோதுமை என்ற சொல்லே இல்லை. எனக்கு நிம்மதி.

நல்லவேளையாகக் கோழியை முதலில் வதக்கப் போட்டுவிட்டு, முத்திரையைப் பிரித்த குப்பியை அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். சட்டியின் ஆவி பட்டுக் கழுத்து ஸ்டிக்கரின் ஒரு மூலை எழும்பியது. நகத்தால் இழுத்தேன்; தோல் போல உரிந்து வந்தது. அடியில் புள்ளி புள்ளியாக மையில் அச்சடித்த பழைய தேதி. 2024 மார்ச்.

பின்பக்கத்து ஸ்டிக்கரையும் வெந்நீரில் நனைத்த துணியால் தேய்த்து எடுத்தேன். மலாயில் இருந்த அசல் பட்டியலில் மூன்றாவது சொல் 'கந்தும்'. மலாய் தெரியாதவர்களுக்கு: கந்தும் என்றால் கோதுமை. சோயா சாஸ்களில் பெரும்பாலானவை சோயாவோடு கோதுமையும் சேர்த்துப் புளிக்கவைத்தவை. அது எனக்குத் தெரியாததல்ல. கையில் இருந்த ஜெர்மன் எழுத்தை நம்பிவிட்டேன். தோழிக்கு அன்று வெறும் மிளகுக் கோழி. குப்பியை அவளிடம் காட்டினேன். அவள் நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை.

தேதி விஷயத்தில் நியாயமாகவே பேசுகிறேன். 'இந்த நாள் வரை நன்றாக இருக்கும்' என்ற தேதி தாண்டிய பொருளை ஜெர்மனியில் விற்பது குற்றமல்ல. கெடாமல் இருந்தால் போதும், வாங்குபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். உப்பும் சர்க்கரையும் ஊறிய சாஸ் அவ்வளவு சீக்கிரம் கெடுவதுமில்லை. "பாதி விலை" என்று எழுதிப் போட்டிருந்தால் நானே வாங்கியிருப்பேன். மேலே வேறு தேதி ஒட்டி முழு விலைக்கு விற்றதுதான் மோசடி. கோதுமையை மறைத்தது அதைவிடப் பெரியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கும் விதிப்படி, ஒவ்வாமை தரும் 14 பொருள்களைப் பட்டியலில் தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும். கோதுமையும் சோயாவும் அந்தப் பதினான்கில் உண்டு. இணையத்தில் விற்றால், வாங்குவதற்கு முன்பே அந்த விவரம் திரையில் தெரிய வேண்டும்.

விற்றவருக்குப் படங்களோடு எழுதினேன். மூன்று நாள் கழித்து ஒரே வரியில் பதில்: "திறந்த உணவுப் பொருளைத் திரும்ப எடுப்பதில்லை." இந்த வரியைப் பார்த்துப் பலரும் அடங்கிவிடுகிறார்கள். அது, மனம் மாறி 14 நாளுக்குள் திருப்பி அனுப்புகிறவர்களுக்கான விதி. முத்திரை உடைந்த உணவுக்கு அந்தச் சலுகை இல்லை என்பது உண்மை. குறையுள்ள பொருளை விற்றவரின் பொறுப்பு வேறு. திறந்தாலும் அது போகாது. இதைத் திருப்பி எழுதினேன். அதோடு மின்னஞ்சல் செத்துப்போனது.

ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதே தப்பு என்று நினைத்துவிட வேண்டாம். நேர்மையான இறக்குமதியாளர்களும் ஒட்டித்தான் ஆக வேண்டும். அதில் அவர்களுடைய பெயரும் முகவரியும் இருக்கும். என் குப்பியில் இருந்ததில் யார் பெயரும் இல்லை. இனி நான் முதலில் தேடுவது அந்த முகவரியைத்தான். தேதிக்கு மேல் தேதி ஒட்டியிருந்தால் கடையிலேயே வைத்துவிடுவேன்.

பிரிக்காத இரண்டாவது குப்பியை நகரத்தின் உணவுக் கண்காணிப்பு அலுவலகத்தில் கொடுத்தேன். ரசீதாக என்னிடம் இருந்தது வங்கிக் கணக்கின் ஒரு வரி. அதையும் உரித்த ஸ்டிக்கர்களையும் ஓர் உறையில் போட்டுக் கொடுத்தேன். பெண் அலுவலர் ஒருவர் குப்பியை விளக்குக்கு நேரே பிடித்துக் கழுத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எண் போட்டு வாங்கிக்கொண்டார். பணம் இதுவரை வரவில்லை.

அம்மாவிடம் போனில் சொன்னபோது, "அங்கே பனைவெல்லப் பாகு மாதிரி எதுவுமே கிடைக்காதா அய்யா?" என்று கேட்டார். கிடைக்கிறது. இங்கே சர்க்கரை பீட் கிழங்கைக் காய்ச்சி எடுக்கும் கறுப்புப் பாகை ரொட்டியில் தடவித் தின்கிறார்கள். எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் உண்டு. சீனத்து டார்க் சோயா மூன்று கரண்டிக்கு இந்தப் பாகு ஒரு கரண்டி, சின்னத் தீயில் இரண்டு நிமிடம். அம்மாவின் கோழிக்குப் பத்தில் ஏழு மதிப்பெண் வருகிறது. தோழிக்கு வைக்கும்போது மட்டும் டார்க் சோயாவுக்குப் பதில் கோதுமை சேராத தமாரி என்ற ஜப்பானிய சோயா சாஸை ஊற்றுகிறேன். அதன் லேபிளையும் ஒருமுறை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டுத்தான்.