ஒரே பில் மாநாடா, பத்து பில் மாநாடா?

எங்கள் அச்சக உரிமையாளர் சங்கத்தின் மாநில மாநாட்டுக்கு மூன்று இடங்கள் பேச்சில் இருந்தன: சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையம், மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட், கோவை. கோவையில் நடத்தினோம். நானூறு பேர் ஒரு சனி, ஞாயிறு ஓர் ஊரில் இறங்கினால் அந்த ஊருக்கு என்ன மிஞ்சும் என்ற கணக்கை வைத்துத்தான் நான் கோவைக்கு வாதாடினேன். ஆகவே கீழே வருவது கோவைக் கட்சிக்காரனின் பேச்சு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையைப் பற்றி நீட்ட வேண்டாம். விமானம், ரயில், எல்லா விலையிலும் அறை, எதற்கும் குறைவில்லை. 2023-இல் விரிவாக்கிய பிறகு வர்த்தக மையத்தில் நாலாயிரம் பேர் உட்காரும் அரங்கே இருக்கிறது; 2024 ஜனவரியில் உலக முதலீட்டாளர்கள் மாநாடு அங்கேதான் நடந்தது. வெளிநாட்டு இயந்திரக் கம்பெனிகளை அழைத்துக் கண்காட்சி போடுவதென்றால் வேறு இடம் தேட வேண்டியதே இல்லை. ஆனால் நம் நானூறு பேர் வந்து போனது கிண்டி ஆட்டோக்காரருக்குக்கூடத் தெரியாது. போதாக்குறைக்கு, எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குச் சென்னையில் அக்காவோ மச்சானோ இருக்கிறார்கள். லாட்ஜ் பக்கமே தலைகாட்ட மாட்டார்கள்.

உண்மையான போட்டி ரிசார்ட்டுக்கும் கோவைக்கும்தான். 2022-இல் செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் ஒரு ஹோட்டலில்தான் நடந்தது. அந்தப் பக்கத்து விடுதிகளின் திறமையில் யாருக்கும் சந்தேகம் வராது. அறை, அரங்கு, மூன்று வேளைச் சாப்பாடு, மைக், திரை எல்லாம் சேர்த்துத் தலைக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. முடிந்ததும் ஒரே பில். எங்கள் பொருளாளருக்கு அந்த ஒற்றைத் தாளைப் பார்த்ததும் முகமே மலர்ந்துவிட்டது.

எனக்கு உறுத்தியதும் அதே தாள்தான். நாங்கள் பேசிய ரிசார்ட்டில் வெளிச் சாப்பாடு கூடாது, வெளியிலிருந்து எல்இடி திரை கொண்டுவந்தால் தனிக் கட்டணம், பேனர்கூட அவர்கள் சொல்லும் ஆளிடம்தான் அடிக்க வேண்டும். அச்சகக்காரர்களிடம் போய் இதைச் சொன்னார்கள்! வருகிறவர்கள் உள்ளே போனால் மறுநாள் மாலைதான் கேட்டைத் தாண்டுவார்கள். செங்கல்பட்டு ஸ்டேஷனிலிருந்து ஏற்றிவரும் வேன்கூட விடுதியின் ஏற்பாடு. மாமல்லபுரத்தில் உளிச் சத்தம் கேட்கும் தெருக்கள் இருக்கின்றன. அந்தக் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. நினைவுப் பரிசை அங்கே வாங்கலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அதையும் பேக்கேஜில் சேர்த்துவிட்டோம் என்றார்கள்.

வரியும் கொஞ்சம் இடிக்கிறது. 2025 செப்டம்பர் 22-இலிருந்து நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்; அதைத் தாண்டினால் 18. அப்படி 7,500-ஐத் தாண்டும் அறைகள் உள்ள விடுதியில் சாப்பாட்டுக்கும் 18 போடுவார்கள்.

இனி கோவை. கொடிசியா வளாகத்தைத்தான் முதலில் பார்த்தோம். 2010-இல் செம்மொழி மாநாடு நடந்த இடம்; நானூறு பேரை அங்கே உட்கார வைத்தால் தேட வேண்டியிருக்கும். அவிநாசி ரோட்டை ஒட்டி ஒரு கல்யாண மண்டபம் பிடித்தோம், அதுவும் ஆடி மாதத்தில்.

மாநாடு ஊருக்குச் சோறு போடுவது இந்த இடத்தில்தான். முகூர்த்த மாதங்களில் சமையல்காரருக்கும் பந்தல்காரருக்கும் மைக்செட்காரருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் அண்டாக்கள் கவிழ்ந்து கிடக்கும். பரிமாறும் பையன்கள் வேறு கூலிக்குப் போய்விடுவார்கள். விலை பேசப் போனபோது சமையல் கான்ட்ராக்டர் தட்டிக்கழிக்கவே இல்லை. “ஆடியில சும்மா கெடக்கற பாத்திரமுங்க. பசங்களுக்கு ரெண்டு நாள் வேலை குடுத்த மாதிரி ஆச்சு” என்று சொல்லிக்கொண்டே வாழையிலைக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். நிறைந்த பந்தியில் நானூறு இலை கூடுவது பெரிய காரியமில்லை; ஆளில்லாத மாதத்தில் நானூறு இலை என்பது சில வீடுகளின் அந்த மாத வாடகை.

பில்களைப் பிரித்துப் பார்த்தாலே தெரியும்: மண்டபம், சமையல், பாத்திரம், மைக்செட், ஜெனரேட்டர், பூ, வேன், காந்திபுரம் லாட்ஜுகள் மூன்று. அரங்குக்கு வெளியே ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் அன்றைக்கு மட்டும் பேப்பர் கட்டு தீர்ந்து வாங்கப் போனார். இரவில் ஆட்கள் காந்திபுரத்தில் சுற்றினார்கள். ஞாயிறு மாலை ஊர் திரும்பியவர்களில் மைசூர்பா பெட்டி இல்லாத கை அபூர்வம். ஆடிக் காற்றும் லேசான சாரலும் இலவசம்.

மேம்பாலம் இன்னொரு வசதி. உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை 10 கிலோமீட்டருக்கு 2025 அக்டோபரில் திறந்தார்கள். விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் அவிநாசி ரோட்டு சிக்னல்களுக்குப் பயந்து இரண்டு மணி நேரம் முன்னால் கிளம்ப வேண்டியதில்லை.

கோவையிலும் ஓட்டை உண்டு. குடும்பத்தோடு வந்தவர்கள் மாநாடு முடிந்ததும் நேராக ஊட்டி ஏறினார்கள். அந்தக் காசு நீலகிரிக்குப் போனது. (இ-பாஸ் எடுக்க மறந்தவர்கள் மேட்டுப்பாளையத்தில் செல்போனும் கையுமாக நின்றது தனிக் கதை.) எல்லா மண்டபமும் வெளிச் சமையலை விடாது; எங்கள் ஆள்தான் என்று அடம்பிடிப்பவர்கள் கோவையிலும் இருக்கிறார்கள். முன்பணம் கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள், இல்லையென்றால் கோவைக்கு வந்தும் ரிசார்ட் கதைதான்.

ரிசார்ட் பக்கமும் நியாயம் இருக்கிறது. அங்கே வேலை செய்பவர்களில் சுற்றுக் கிராமத்தார் பலர். மாதச் சம்பளம் என்பது ஆடிக்கு மட்டும் கிடைக்கும் கூலியைவிட உறுதியானது. ஆயிரக்கணக்கானோர் கூடும் மாநாட்டை நான் நடத்தியதில்லை. அந்த அளவுக்குப் போனால் பல பில் முறை தாங்குமா என்பதில் எனக்கே தயக்கம்தான்.

அப்புறம், பொருளாளரின் புலம்பல். பதிவு பெற்ற சங்கம் என்றால் ஒரு கான்ட்ராக்டருக்கு ஒரே தடவையில் 30,000 ரூபாய்க்கு மேல் கொடுக்கும்போது டிடிஎஸ், அதாவது கொடுக்கும் தொகையிலேயே வருமான வரி, பிடிக்க வேண்டும். அதற்காகப் பூக்காரரிடமும் பந்தல்காரரிடமும் பான் நம்பரை முதல் நாளே வாங்கி வையுங்கள். பந்தலைப் பிரித்து லாரியில் ஏற்றிய பிறகு போன் போட்டால் யாரும் எடுப்பதில்லை.