பிளாக்செயின் கேம்களில் சில வருடங்கள்: திரும்ப எடுக்க முடிந்ததும் முடியாததும்

2021 கடைசியிலிருந்து, இன்னும் முழுதாக வெளிவராத பிளாக்செயின் கேம்களில் (கேமின் நாணயமும் பொருட்களும் கிரிப்டோவாக வாங்கி விற்கப்படுபவை) சின்னச் சின்னத் தொகையாகப் போட்டு வருகிறேன். பிரீசேல் டோக்கன் (கேம் வருமுன்பே விற்கப்படும் அதன் நாணயம்), என்எஃப்டி (பிளாக்செயினில் உரிமை பதிவான டிஜிட்டல் பொருள்) பாத்திரங்கள், நாளைக்கு வரப்போகும் உலகத்தில் இன்றைக்கே விற்கப்படும் "நிலம்" என்று எல்லா ரகமும் என் வாலட்டில், அதாவது டிஜிட்டல் பணப்பையில், வந்து போயிருக்கின்றன. லாபம் பார்த்ததும் உண்டு. ஆனால் எனக்குப் பணம் போன இடங்களில் பாதிக்கு மேல், விற்கலாம் என்று முடிவெடுத்த நேரத்தில் வாங்க ஆளே இல்லாத இடங்கள். விலை விழும் என்று எல்லோரும் எச்சரிக்கிறார்கள், இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

வாலட் காட்டும் மதிப்பை நம்பாதீர்கள். கடைசியாக நடந்த விற்பனையின் விலையை உங்களிடம் இருக்கும் எண்ணிக்கையால் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஒரு புதிய டோக்கனின் லிக்விடிட்டி பூலில், அதாவது வாங்கவும் விற்கவும் வைத்திருக்கும் பொதுத் தொகுப்பில், 10,000 டாலரும் அதே மதிப்புக்கு டோக்கனும் இருக்கிறது என்று வையுங்கள். உங்களிடம் 5,000 டாலர் "மதிப்புள்ள" டோக்கன். மொத்தமாக விற்றால் வழக்கமான பூல் கணக்கில் (டாலர், டோக்கன் அளவுகளின் பெருக்கல் மாறாமல் இருக்க வேண்டும்) கைக்கு வருவது சுமார் 3,333 டாலர், கட்டணம் தனி. உங்களுக்கு அடுத்து விற்க வருபவர் பார்க்கும் விலையோ பாதிக்கும் கீழே. என்எஃப்டி என்றால் பெரும்பாலும் இந்தப் பூல்கூடக் கிடையாது, புளோர் பிரைஸில் (அந்த வகையில் இருப்பதிலேயே குறைந்த கேட்பு விலையில்) பட்டியல் போட்டுவிட்டு யாராவது வருவாரா என்று காத்திருக்க வேண்டியதுதான்.

அடுத்து அன்லாக், அதாவது பூட்டி வைத்த டோக்கன்கள் கட்டம் கட்டமாக விற்பனைக்குத் திறப்பது. இதைத் திட்ட விளக்க ஆவணமான ஒயிட்பேப்பரில் கடைசிப் பக்கங்களில் ஒரு வட்டப்படமாகப் போட்டிருப்பார்கள், நான் இப்போதெல்லாம் முதலில் அதைத்தான் திறக்கிறேன். மொத்த டோக்கனில் பத்தில் ஒரு பங்கு மட்டும் சந்தையில் இருந்தால், மீதி ஒன்பது பங்கு வரிசையில் நிற்கிறது என்று அர்த்தம். சீட் ரவுண்டில் (தொடக்க முதலீட்டுச் சுற்றில்) 1 சென்ட்டுக்கு வாங்கியவரும் சந்தையில் பட்டியலிட்ட பிறகு 10 சென்ட்டுக்கு வாங்கிய நாமும் ஒரே டோக்கனை வைத்திருக்கிறோம். அது 2 சென்ட்டுக்கு இறங்கும்போது நமக்கு 80 சதவீதம் நஷ்டம், அவருக்கு அப்போதும் இரட்டிப்பு. அவர் ஏன் விற்காமல் இருக்க வேண்டும்? நான் வைத்திருந்த ஒரு டோக்கனில் முதல் பெரிய அன்லாக் நெருங்கும்போது அந்தக் கேமின் டிஸ்கார்டு அரட்டைக் குழுவில் அதைப் பற்றிக் கேட்டவர்களையெல்லாம் மியூட் செய்துகொண்டிருந்தார்கள். கேம் அப்போதும் டிரெய்லராகத்தான் இருந்தது.

விளையாடினால் சம்பாதிக்கலாம் என்ற வாக்குறுதி எங்கே போய் முட்டும் என்பதற்கு ஆக்ஸி இன்ஃபினிட்டி என்ற கேம் போதும். 2021 நவம்பரில் அதன் ஏஎக்ஸ்எஸ் டோக்கன் 160 டாலரைத் தாண்டியது. ஆட்டத்தில் பரிசாகக் கிடைக்கும் எஸ்எல்பி, 2021 நடுவில் 30 சென்ட்டுக்கு மேல் போனது, 2022 நடுவில் ஒரு சென்ட்டுக்கும் கீழே. பழைய ஆட்டக்காரர் தினமும் விற்கும் டோக்கனைப் புதிதாக வருபவர்தான் வாங்க வேண்டும், வருபவர் குறைந்ததும் கணக்கு உடைந்தது. இத்தனைக்கும் அது உண்மையிலேயே ஓடிய, லட்சக்கணக்கானோர் விளையாடிய கேம். நடுவே 2022 மார்ச்சில் அதன் ரோனின் பிரிட்ஜிலிருந்து (வேறு பிளாக்செயினுக்குப் பணம் மாற்றும் பாலம்) 60 கோடி டாலருக்கு மேல் திருடப்பட்டது. பரிவர்த்தனைகளுக்கு ஒப்புதல் தரும் ஒன்பது வேலிடேட்டர் சாவிகளில் ஐந்து கிடைத்தது திருடர்களுக்குப் போதுமாக இருந்தது, விஷயம் தெரியவே கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆனது.

"சொத்து உங்களுடையது, யாரும் பிடுங்க முடியாது" என்பார்கள். எஃப்1 டெல்டா டைம் என்ற கார் பந்தயக் கேமில் 2019இல் ஒரு என்எஃப்டி கார் 1 லட்சம் டாலருக்கு மேல் விற்றது; 2022 மார்ச்சில் எஃப்1 பெயரைப் பயன்படுத்தும் உரிமம் முடிந்து கேமையே மூடிவிட்டார்கள். என்எஃப்டி வாலட்டில் அப்படியே இருக்கும், சரி, ஓட்ட ரேஸ் டிராக் வேண்டாமா? (வேறு பொருட்களாக மாற்றித் தந்தார்கள், அது வேறு விஷயம்.)

நேரடி மோசடிகளைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. 2021இல் ஸ்குவிட் கேம் தொடரின் பெயரில் வந்த ஸ்குவிட் டோக்கன் 2,800 டாலரைத் தாண்டியபோதே பெரும்பாலானோரால் விற்க முடியவில்லை, பிறகு ஒரே நாளில் பூஜ்ஜியத்துக்கு வந்தது. அதனால் புதிதாக எதை வாங்கினாலும் கொஞ்சமாக வாங்கி, அதில் ஒரு பகுதியை உடனே விற்றுப் பார்க்கிறேன். விற்க முடியவில்லை என்றால் அத்தோடு சரி.

இப்போதும் இரண்டு கேம்களில் கொஞ்சம் பணம் இருக்கிறது. இரண்டிலும் பரிசு டோக்கன் அற்பம், இருந்தும் ஆட்கள் விளையாடுகிறார்கள், அதனால்தான் விட்டு வைத்திருக்கிறேன். நிலம் வாங்குவதை முழுதாக நிறுத்திவிட்டேன். கேம்களுக்கென்று தனி வாலட், அதில் போனாலும் பரவாயில்லை என்கிற தொகை மட்டும். ஒரு கேமை விட்டதும் அதற்குக் கொடுத்த டோக்கன் அனுமதிகளையும் (வாலட்டிலிருந்து டோக்கனை எடுக்கக் கொடுத்த ஒப்புதல்) ரத்து செய்துவிடுங்கள், செத்துப்போன கேமின் கான்ட்ராக்ட்டுக்கு (பிளாக்செயினில் ஓடும் நிரலுக்கு) கொடுத்த அனுமதி பொதுவாகத் தானாகக் காலாவதி ஆகாது.