பழைய லேசர் படகு வாங்கப் போகிறீர்களா? புது பெயிண்ட்டைப் பார்த்துப் பணம் கொடுத்துவிடாதீர்கள்

லேசர் என்ற ரகத்துச் சிறிய பாய்மரப் படகு ஒன்றைப் பழையதாக வாங்கி ஏமாற்றப்பட்டிருக்கிறேன். "உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் போனதில்லை" என்று விற்றவர் அடித்துச் சொன்னார். டெக் எனும் மேல்தளம் முழுக்கப் புது பெயிண்ட். காற்று சற்றுப் பலமாக அடித்த முதல் நாளே பாய்மரம் அடியோடு பெயர்ந்து, டெக்கைக் கிழித்துக்கொண்டு சாய்ந்தது. பக்கத்தில் வேறு படகு இருந்ததால் கரை சேர முடிந்தது.

கிழிந்த இடத்தைப் பார்த்ததும்தான் விஷயம் புரிந்தது. பெயிண்ட்டுக்கு அடியில் கார் பாடிக்குப் பூசும் பட்டி. அதைச் சுரண்டினால் பழைய விரிசல், பாய்மரம் நிற்கும் குழியைச் சுற்றி வட்டமாக. உள்ளே ஃபைபர் பழுப்பேறி, விரலால் நெருடினால் நார் நாராக வந்தது. ஏற்கெனவே உடைந்ததைத் தெரிந்தே மூடி விற்றிருக்கிறார். படம் அனுப்பிக் கேட்டால், "தண்ணீரில் நடந்ததற்கு நான் பொறுப்பா?" என்றார். அதன்பிறகு போன் எடுப்பதில்லை.

புரூஸ் கிர்பி வடிவமைத்து 1971-ல் விற்பனைக்கு வந்த படகு இது. இப்போது ஐஎல்சிஏ (இந்தப் படகுக்கான சர்வதேசச் சங்கத்தின் சுருக்கம்) என்ற பெயரிலும் வருகிறது. நீளம் 4.2 மீட்டர், பாய் சுமார் 7 சதுர மீட்டர். மரத்தை இழுத்துப் பிடிக்கக் கம்பி எதுவும் கிடையாது. பாயில் விழும் காற்றின் விசை முழுவதையும் டெக்கிலுள்ள ஓட்டையும் குழியின் அடிப்பாகமும்தான் தாங்க வேண்டும். ஒட்டு விட்டுப்போனால் தண்ணீர் மூடிய ஹல்லுக்குள், அதாவது படகின் உடலுக்குள், இறங்கிவிடும், வெளியே எதுவும் தெரியாது.

ஆகவே பணம் கொடுக்கும் முன் அந்தக் குழி நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். மட்டத்தைக் குறித்துவிட்டு அரை மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். இறங்கினால் கசிவு இருக்கிறது. ஊற்றவே விடமாட்டேன் என்பவரிடம் பேரம் பேசாதீர்கள்.

அடுத்தது எடை. வெறும் ஹல் சுமார் 59 கிலோதான். பத்துப் பதினைந்து கிலோ கூடுதலாகக் காட்டினால் உள்ளே தண்ணீர் ஊறியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சன்ஃபிஷ் என்ற இன்னொரு ரகச் சிறு பாய்மரப் படகு வாங்குபவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: அதன் உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற ஃபோம் கட்டைகள் வருடக்கணக்கில் நீரை உறிஞ்சி வைத்திருக்கும், காயவைப்பது லேசில் நடக்காது. டெக்கை விரல் முட்டியால் தட்டியும் பாருங்கள். 'டக் டக்' என்று கெட்டியாகக் கேட்க வேண்டும். சத்தம் மந்தமாகி, அழுத்தினால் அமுங்குகிற இடத்தில் ஃபைபர், டெக்கின் உள்ளடுக்கான ஃபோமை விட்டுப் பிரிந்திருக்கும்.

பழுதுபார்த்த படகே வேண்டாம் என்று சொல்லவில்லை. எபாக்சிப் பசையும் ஃபைபர் துணியும் போட்டு முறையாகச் செய்த குழி நன்றாகவே உழைக்கும். அப்படிச் செய்தவரிடம் வேலை நடந்தபோது எடுத்த படங்கள் இருக்கிறதா என்று கேளுங்கள். கையை உள்ளே நுழைக்கும் அளவுக்கு டெக்கில் வட்ட மூடி வைத்திருந்தால் டார்ச் அடித்துக் குழியின் அடியை நீங்களே பார்த்துவிடலாம்.