ஏற்காட்டு வளைவுகளில் யார் முந்துகிறார்? அடுத்த தலைமுறை ஸ்போர்ட் செடானுக்குச் சில கோரிக்கைகள்

பூஜ்யத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் தொடும் என்பதை வைத்து ஒரு ஸ்போர்ட் செடானை எடைபோடுவது சேலத்துக்காரர்களுக்கு அதிகம் உதவாது. நம் வீட்டு வாசலில் இருப்பது ஏற்காட்டு மலைப்பாதை. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி நிற்கிறது. நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள், எதிரே அரசுப் பேருந்துகள், குடும்பத்தோடு வரும் இருசக்கர வாகனங்கள். அங்கே முப்பது, நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போவது தவறு. அந்த நாற்பதில் ஓட்டுநருக்கு மகிழ்ச்சி தருகிற காரைத்தான் நான் ஸ்போர்ட் செடான் என்பேன். இப்போது சந்தையில் உள்ளவற்றை அந்த அளவுகோலால் பார்த்தால், அடுத்த தலைமுறையில் எதைக் கேட்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

போட்டியில் இருப்பவை ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜிடி, அதன் உடன்பிறப்பான ஸ்கோடா ஸ்லாவியா 1.5, ஹூண்டாய் வெர்னா டர்போ, ஹோண்டா சிட்டி ஆகியவை. விர்டஸும் ஸ்லாவியாவும் ஒரே அடித்தளம், ஒரே எஞ்சின் என்பதால் இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறேன்.

காகிதத்தில் வெர்னாதான் முதலிடம். 1.5 லிட்டர் டர்போ எஞ்சின், 160 பி.எஸ். (மெட்ரிக் குதிரைத்திறன்) சக்தி, 253 நியூட்டன் மீட்டர் இழுவிசை. விர்டஸில் 150 பி.எஸ்., 250 நியூட்டன் மீட்டர். சிட்டியின் பெட்ரோல் எஞ்சினில் டர்போ இல்லை, 121 பி.எஸ்., 145 நியூட்டன் மீட்டர், அந்த இழுவிசையும் எஞ்சின் நிமிடத்துக்கு 4,300 சுழற்சியைத் தொடும்போதுதான் முழுமையாகக் கிடைக்கும். டர்போ எஞ்சின்கள் இரண்டும் 1,500, 1,600 சுழற்சியிலேயே முழு இழுவிசையையும் கொடுத்துவிடுகின்றன. கொண்டை ஊசி வளைவில் கார் ஏறக்குறைய நின்று திரும்பி மறுபடி ஏற வேண்டும். அந்த இடத்தில் விர்டஸும் வெர்னாவும் இரண்டாவது கியரிலேயே சலிக்காமல் ஏறுகின்றன. சிட்டியில் முதல் கியருக்கு இறங்க நேரிடும். இதோடு உயரமும் சேர்கிறது. ஏற்காட்டின் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அந்த இழப்பை அப்படியே சுமக்கிறது. டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளிப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடுகிறது. சிட்டியின் எஞ்சின் மேல் சுழற்சியில் பாடுகிற இனிமை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அதை அனுபவிக்க நீண்ட, காலியான சாலை வேண்டும்.

ஸ்டியரிங்குக்கு வந்தால் வரிசை மாறுகிறது. விர்டஸின் ஸ்டியரிங்கில் கனம் இருக்கிறது, வளைவுக்குள் நுழையும்போது முன் சக்கரங்கள் எங்கே நிற்கின்றன என்று கை உணர்கிறது. பள்ளங்களில் சஸ்பென்ஷன் சற்று இறுக்கமாகத் தெரிந்தாலும், இடம் வலம் என்று அடுத்தடுத்து வரும் வளைவுகளில் உடல் சாயாமல் கார் நிதானமாக நிற்கிறது. வெர்னாவின் ஸ்டியரிங் இலகுவானது. சேலம் நகருக்குள் ஐந்து ரோடு நெரிசலில் அது வரம். மலையில் அதுவே குறை. வெர்னா நம் மாநிலத்திலேயே, இருங்காட்டுக்கோட்டையில் உருவாகும் கார். ஊட்டியும் கொடைக்கானலும் ஏற்காடும் இருக்கிற மாநிலத்தில் பிறக்கும் காருக்கு மலைக்கேற்ற ஸ்டியரிங் வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறேன். அந்த எஞ்சினும் விர்டஸின் ஸ்டியரிங்கும் ஒரே காரில் வந்தால் இந்த அலசலே தேவைப்பட்டிருக்காது.

இனி பிரேக். இதில்தான் எனக்குக் கோபம் அதிகம். 150 பி.எஸ். சக்தியுள்ள விர்டஸுக்கும் ஸ்லாவியாவுக்கும் பின் சக்கரங்களில் டிரம் பிரேக்தான். வெர்னா டர்போவில் நான்கு சக்கரங்களிலும் டிஸ்க். நகருக்குள் பெரிய வித்தியாசம் தெரியாது என்பது உண்மை. ஆனால் ஏற்காட்டிலிருந்து நான்கு பேரும் பெட்டிகளுமாக இறங்கும்போது பிரேக் தொடர்ந்து சூடாகிறது. டிஸ்க் காற்றுபட்டு விரைவில் ஆறும். மூடிய டிரம்முக்குள் வெப்பம் தங்கிவிடும். நிறுத்தும் வேலையின் பெரும்பங்கை முன் சக்கரங்களே செய்கின்றன என்று தயாரிப்பாளர்கள் சொல்வது சரிதான். இறக்கத்தில் எடை இன்னும் முன்னால் சாய்கிறது என்பதும் சரி. ஆனாலும் விளையாட்டுத் தன்மையைச் சொல்லி விற்கும் காரில் இந்த இடத்தில் செலவைக் குறைப்பதை ஏற்க முடியவில்லை. எந்தக் கார் ஆனாலும் ஏறிய கியரிலேயே இறங்குவதுதான் முறை. தொப்பூர் கணவாயில் நடக்கும் விபத்துகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இறக்கத்தில் எதிர்பாராத வகையில் சிறப்பாக நடந்துகொள்வது சிட்டியின் ஹைபிரிட் வடிவம். ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள துடுப்புகளால் மோட்டாரின் தடுப்பு விசையைக் கூட்டிக் குறைக்கலாம். பிரேக் மிதியை அதிகம் தொடாமலே வளைவுக்கு வளைவு வேகத்தை அடக்கலாம். பேட்டரியிலும் மின்சாரம் ஏறும். சிறிய பேட்டரி என்பதால் நீண்ட இறக்கத்தில் நிரம்பிவிடுகிறது, அதன் பிறகு எஞ்சின் சத்தமாகச் சுழன்று தடுக்கிறது. அடுத்த தலைமுறை டர்போ செடானில் இந்த நுட்பம் சேர்ந்தால் அதைவிட நல்ல செய்தி இருக்காது.

கியர்பெட்டியில் என் சாய்வை மறைக்கப் போவதில்லை: கையால் கியர் மாற்றும் மேனுவல். மே மாதக் கோடை விழா சமயத்தில் மலைப்பாதையில் வண்டிகள் ஊர்ந்து ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். விர்டஸில் தானாகக் கியர் மாற்றும் ஏழு கியர் டிஎஸ்ஜி, எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச் வகை. ஏற்றத்தில் அடி அடியாக நகரும்போது அந்தக் கிளட்ச் பாதிப் பிடியில் உரசிச் சூடேறுகிறது. மேனுவலிலும் கிளட்ச் தேயும், ஆனால் முன் வண்டி பத்தடி நகரும்வரை காத்திருந்து ஒரே மூச்சில் எடுப்பது ஓட்டுபவர் கையில் இருக்கிறது. திறந்த சாலையில் டிஎஸ்ஜி மாற்றும் வேகத்துக்கு எந்த மனிதக் கையும் ஈடாகாது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆகவே மேனுவலை உயர்ந்த மாடலிலும் விருப்பத் தேர்வாக வைத்தால் போதும்.

ஏசிக்குத் தொடுதிரை வேண்டாம். சிட்டியைப் போலத் திருகும் பொத்தான் போதும். வளைவில் கண் சாலையில் இருக்க வேண்டும்.

இதெல்லாம் நடக்காத ஆசை என்று சொல்பவர்களுக்கு அமெரிக்காவில் விற்கும் ஹோண்டா சிவிக் எஸ்ஐ-யைக் காட்டுவேன். அதே 1.5 லிட்டர் டர்போ, 200 குதிரைத்திறன், மேனுவல் மட்டுமே. வளைவில் உள்பக்கச் சக்கரம் வீணாகச் சுழலாமல் தடுக்கும் டிஃபரென்ஷியலும் உண்டு. மழைக்குப் பின் இலைச்சருகு படிந்த, ஏற்காட்டுக்கான இன்னொரு வழியான குப்பனூர் பாதையில் ஏறியவர்களுக்கு அதன் அருமை புரியும். இங்கோ 2025 அக்டோபரில் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்-ஐ இறக்குமதி செய்து விற்றார்கள்: 265 பி.எஸ்., விலை 49.99 லட்சம், நூறே நூறு கார்கள். அத்தனையும் விற்றுத் தீர்ந்தன. ஆசைப்படுபவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு அது சான்று. ஆனால் இருபது லட்சத்துக்கும் ஐம்பது லட்சத்துக்கும் நடுவே, உற்சாகமாக ஓட்ட விரும்புகிறவருக்கான பெட்ரோல் செடான் வரிசை வெறிச்சோடிக் கிடக்கிறது.

அந்த இடத்தை நிரப்ப வரியும் இப்போது பழைய தடையாக இல்லை. முன்பு 1,500 சிசி வரையிலான செடானுக்கு வரியும் செஸ்ஸும் சேர்ந்து 45 சதவீதம், அதற்கு மேல் போனால் 48. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டரைத் தாண்டிய இரண்டுக்கும் ஒரே 40 சதவீதம். ஆகவே 1.5 லிட்டரைப் பிடித்துக்கொண்டிருக்க வரி ஒரு காரணமாக இல்லை. இருந்தாலும் நான் கேட்பது பெரிய எஞ்சினை அல்ல. இருக்கும் எஞ்சினோடு நான்கு டிஸ்க், நல்ல டிஃபரென்ஷியல், கனமான ஸ்டியரிங், இருபத்தைந்து லட்சத்துக்குள் ஒரு விலை.

காத்திருக்க முடியாதவர்களுக்கு என் தேர்வு விர்டஸ் ஜிடி மேனுவல். டிரம் பிரேக்கைப் பொறுத்துக்கொண்டுதான் சொல்கிறேன். வாரம்தோறும் முழுக் குடும்பத்தோடு மலை இறங்குகிறவர் என்றால் வெர்னா டர்போ. எதுவானாலும் சோதனை ஓட்டத்தை நான்குவழிச் சாலையில் முடித்துவிடாதீர்கள். கோரிமேடு தாண்டி அடிவாரம் வரை போய், முதல் சில வளைவுகளையாவது ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும் என்று விற்பனையாளரிடம் கேளுங்கள்.