எஞ்சினைத் திறக்கும் முன் தண்டவாளத்தைப் பாருங்கள்: ஜி ஸ்கேல் ரயில்கள், நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

தோட்டத்தில் ஓட்டும் பெரிய அளவு மாதிரி ரயில்களான ஜி ஸ்கேல் ரயில்களைப் பல பருவங்கள் வெயிலிலும் மழையிலும் ஓட்டிய பிறகு ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். "எஞ்சின் கெட்டுப்போச்சு" என்று வேலை மேசைக்கு வருபவற்றில் பாதிக்கு மேல் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. எஞ்சின் வரை மின்சாரம் ஒழுங்காக வந்து சேரவில்லை, அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொள்ளாத வீடுகளில் நல்ல எஞ்சின்கள் தேவையில்லாமல் பிரிக்கப்பட்டு, ஸ்க்ரூ மரை தேய்ந்து, ஸ்ப்ரிங் தொலைந்து, பரணுக்குப் போய்விடுகின்றன.

முதலில் அளவுக் குழப்பம். 1968-ல் ஜெர்மனியின் லேமன் நிறுவனம் எல்ஜிபி என்ற பெயரில் கொண்டுவந்த ரயில்களின் தண்டவாள இடைவெளி 45 மி.மீ., அளவு 1:22.5, அதாவது நிஜ ரயிலில் 22.5-ல் ஒரு பங்கு. அதே 45 மி.மீ. பாதையில் 1:20.3, 1:29, 1:32 அளவு ரயில்களும் ஓடும். ஓடும் என்பது மட்டும்தான் பொது. பெட்டிகளைக் கோக்கும் கொக்கியான கப்ளிங்கின் உயரம், சக்கர விளிம்பின் ஆழம், தேவையான வளைவு ஆரம் எல்லாம் வேறு. ஒரு வீட்டில் ஒரே கப்ளிங் வகை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துகொண்டால் பின்னால் வரும் பாதித் தொல்லை குறையும்.

பாதையும் மின்சாரமும்

வெளியில் போடும் பாதைக்குப் பித்தளைத் தண்டவாளமே வழக்கம். 8.4 மி.மீ. உயரமுள்ள தடித்த தண்டவாளம் மின்சாரத்தை நன்றாகவே கடத்துகிறது. மின்னழுத்தம் காணாமல் போவது இணைப்புகளில்தான். தண்டவாளத்தோடு வரும் நழுவு இணைப்புத் தகடு புதிதில் இறுக்கமாக இருக்கும். ஒரு மழைக்காலம் கழிந்தால் தகட்டுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே மண்ணும் பச்சைக் களிம்பும் சேர்ந்துவிடும்.

எந்த இணைப்பு கெட்டது என்று கண்டுபிடிக்க ஊகம் வேண்டாம், மல்டிமீட்டர் போதும். ஒருவர் ரயிலை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொருவர் மீட்டரை 2 வோல்ட் டிசி அளவில் வைத்து, ஒரே தண்டவாளத்தில் இணைப்புக்கு இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை வைத்துப் பார்க்க வேண்டும். ரயில் 1 ஆம்பியர் எடுக்கும்போது நல்ல இணைப்பில் சில மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டாது. 0.1 வோல்ட்டைத் தாண்டினால் அந்த இணைப்பைப் பிரித்துத் துலக்க வேண்டும். பத்து இணைப்பு இப்படி இருந்தால் கடைக்கோடியில் 1 வோல்ட்டுக்கு மேல் போய்விடுகிறது. சிறுவர்கள் மிக நன்றாகச் செய்யும் வேலை இது: எண்ணைப் படித்துச் சொல்வதும், கெட்ட இணைப்பின் பக்கத்தில் ஒரு குச்சி நடுவதும். மீட்டரை ஆம்பியர் அளவில் வைத்துத் தண்டவாளத்தைத் தொடக்கூடாது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஃபியூஸ் போய்விடும்.

செலவழித்ததில் மிகவும் பயன்பட்டது எது என்று கேட்டால் ஸ்க்ரூ போட்டு இறுக்கும் பித்தளைக் கிளாம்புகள்தான். விலை அதிகம், வேலையும் கூடுதல். ஆனால் பல ஆண்டுகளுக்கு அந்த இணைப்பை மறந்துவிடலாம். பூட்டும் முன் தண்டவாள முனையை நைலான் ஸ்கிரப்பால் பளபளவென்று தேய்த்து, மின்சாரம் கடத்தும் பேஸ்ட்டை மெலிதாகத் தடவுங்கள். கம்பியை ஈயப்பற்று வைத்து இணைப்பதும் வழிதான், ஆனால் பித்தளை சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் 100 வாட்டுக்குக் குறைந்த சால்டரிங் அயர்ன் திணறும். இரண்டு பக்கமும் ஈரத்துணி சுற்றாவிட்டால் பற்று பிடிப்பதற்குள், தண்டவாளத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் குறுக்குக்கட்டையான ஸ்லீப்பர் உருகும். 5 அல்லது 6 மீட்டருக்கு ஓரிடத்தில் 2.5 சதுர மி.மீ. கம்பி வழியாகத் தனியாக மின்சாரம் கொடுத்தால் ஓரிரு இணைப்புகள் பழுதானாலும் ரயில் நிற்காது.

பாதையைக் கான்கிரீட்டில் ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிடாதீர்கள். 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் 10 மீட்டர் பித்தளை ஏறக்குறைய 6 மி.மீ. நீளும். போக இடமில்லாமல் அது பக்கவாட்டில் வளைந்து, ஸ்லீப்பரின் பிடிப்புகளை உடைத்துவிடும். நன்றாக இறுகிய தளத்தின் மேல், கூர்முனையுள்ள தூள் ஜல்லியில் பாதை மிதந்தபடி இருப்பதே நல்லது. உருண்டைக் கூழாங்கல் நிற்காது, ஒவ்வொரு மழையிலும் சரியும்.

துலக்குவதில் ஒரு தடை உண்டு: இரும்பு நார் (ஸ்டீல் வூல்) கூடவே கூடாது. அதன் துகள்களை மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொள்ளும், பிறகு அவற்றை எடுப்பது பெரும்பாடு. நீண்ட கைப்பிடியில் நைலான் ஸ்கிரப்பைப் பூட்டி நின்றபடியே தேய்க்கலாம். பிசுபிசுப்பு இருந்தால் மட்டும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணி, அது முழுக்க உலர்ந்த பிறகே மின்சாரம். சக்கரத்தடியில் சிறு தீப்பொறிகள் வருவது சாதாரணம் என்பதால் இதில் அவசரம் கூடாது.

தண்டவாளத்தில் திரும்பத் திரும்பப் படியும் கருப்புப் பிசின் பெரும்பாலும் பெட்டிகளின் பிளாஸ்டிக் சக்கரங்களிலிருந்தும் வழிந்த எண்ணெயிலிருந்தும் வருவது. பிளாஸ்டிக் சக்கரங்களை உலோகச் சக்கரங்களாக மாற்றியதும் துலக்கும் வேலை கண்கூடாகக் குறைகிறது. எடை கீழே இறங்குவதால் பெட்டி வளைவில் ஆடாமலும் போகிறது.

எஞ்சினின் அடிப்பக்கம்

பாதை சரி, ஆனாலும் எஞ்சின் தயங்கித் தயங்கி ஓடுகிறது என்றால் அடுத்த சந்தேகம் மின்சாரம் எடுக்கும் உறுப்புகள். எஞ்சினை ஸ்பாஞ்சில் குடைந்த தொட்டிலில் கவிழ்த்து, சக்கரங்களுக்கு 8 முதல் 10 வோல்ட் கொடுத்துச் சுழலவிட்டு, ஆல்கஹால் இல்லாத வெறும் துணியால் துடையுங்கள். கறை போகாவிட்டால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சி. கம்பி பிரஷ் வேண்டாம், நிக்கல் பூச்சு ஒருமுறை உரிந்தால் அந்தச் சக்கரம் முன்னைவிட வேகமாகக் கறுக்கும். சக்கரங்களுக்கு நடுவே தண்டவாளத்தில் உரசிச் செல்லும் சறுக்குக் கட்டை இருந்தால் அதை விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தினால் இறங்கி, விட்டவுடன் துள்ளி வர வேண்டும். ஒரு முடியிழை சிக்கினாலே ஸ்ப்ரிங் மந்தமாகிவிடும். அடிப்பாகம் தேய்ந்து பள்ளமாகியிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

இதற்குப் பிறகுதான் கியர்ப்பெட்டியைத் திறப்பது. பெரும்பாலான பெரிய எஞ்சின்களில் அடித்தட்டின் சில ஸ்க்ரூக்களைக் கழற்றினால் உள்ளே எல்லாம் தெரிந்துவிடும். இந்த அளவு ரயில்களின் பெருமையே இதுதான், பூதக்கண்ணாடி இல்லாமல் வீட்டிலுள்ள எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம். தட்டைத் தூக்கும் முன் இரண்டு பக்கமும் புகைப்படம் எடுங்கள். சக்கரங்களின் பின்பக்கத்தைத் தொடும் சிறிய கார்பன் பிரஷ்களுக்குப் பின்னால் ஸ்ப்ரிங் இருக்கும், திறந்ததும் பறந்துவிடும். ஓரம் உயர்ந்த தட்டில், வெள்ளைத் துணி விரித்துச் செய்தால் தேடும் வேலை இல்லை.

பழைய கிரீஸ் மஞ்சள் மெழுகு போல இறுகியிருக்கும். அதை வழித்தெடுத்து, ஆல்கஹாலில் துடைத்து, பிளாஸ்டிக்குக்கு ஏற்ற புதுக் கிரீஸைத் தீக்குச்சி முனையில் எடுக்கும் அளவு, மோட்டார் தண்டிலுள்ள திருகு வடிவ வார்ம் கியரிலும் அதைத் தொடும் பல்சக்கரத்திலும் மட்டும் வையுங்கள். மற்றப் பல்சக்கரங்களுக்கு அதுவே பரவிக்கொள்ளும். அச்சு முனைகளுக்கு ஊசிமுனையில் ஒரு சொட்டு எண்ணெய். எல்லாவற்றுக்கும் தெளிக்கிற ஸ்ப்ரே எண்ணெய் இங்கே எதிரி: சீக்கிரம் ஆவியாகி, தூசியைப் பிடித்துவைக்கும், சில பிளாஸ்டிக்குகளில் விரிசலும் உண்டாக்கும்.

சக்கரங்களைத் திரும்ப வைக்கும்போது இணைப்புத் தண்டு பூட்டிய ஒவ்வொரு சக்கரமும் ஒரே கோணத்தில் இருக்க வேண்டும். எதிர்எடைப் பகுதி முன்சக்கரத்தில் கீழே என்றால் பின்சக்கரத்திலும் கீழே. ஒரு பல் தவறினாலும் ஒவ்வொரு சுற்றிலும் எஞ்சின் ஒருமுறை இறுகும். மூடிய பிறகு பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூ போடும் முறை வீட்டில் எல்லோருக்கும் பழக வேண்டிய ஒன்று. ஸ்க்ரூவை வைத்து முதலில் இடப்பக்கம், அதாவது கழற்றும் திசையில், மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் 'டிக்' என்று சிறிதாக இறங்குவது விரலுக்குத் தெரியும். பழைய மரையின் வாய் அது. அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் லேசாக ஏறும், புது மரை வெட்டாது. எத்தனை முறை கழற்றிப் பூட்டினாலும் துளை தேயாது.

மோட்டார் சத்தம் கேட்கிறது, எஞ்சின் நகரவில்லை, அல்லது சுமை ஏற்றினால் 'கட கட' என்று தவறுகிறது என்றால் அச்சிலுள்ள பல்சக்கரம் வெடித்திருக்கலாம். இதைத் திறக்காமலேயே சோதிக்கலாம். வார்ம் கியர் உள்ள எஞ்சினில் சக்கரத்தைக் கையால் சுழற்ற முடியாது. அப்படிப்பட்ட எஞ்சினில் ஓர் அச்சு மட்டும் வழுக்கிச் சுழன்றால் வெடிப்பு அங்கேதான். இறுக்கமாக எஃகு அச்சில் ஏற்றப்பட்ட பிளாஸ்டிக் எப்போதும் இழுவிசையிலேயே இருக்கிறது, காலப்போக்கில் நீளவாக்கில் பிளக்கிறது. பசை போட்டு ஒட்டும் ஆசை வரும், வேண்டாம். நைலானும் அசிட்டாலும் சாதாரணப் பசையைப் பிடிக்காது. புதுப் பல்சக்கரமோ முழு அச்சோ வாங்குவதுதான் தீர்வு.

இழுவைச் சக்கரத்திலுள்ள ரப்பர் வளையம் தளர்ந்தால் எஞ்சின் நொண்டி நடக்கும். மாற்றும்போது பள்ளத்தைச் சுத்தம் செய்துவிட்டு, வளையம் முறுக்கிக்கொள்ளாமல் தட்டையாக அமர்ந்திருக்கிறதா என்று ஒரு முழுச் சுற்றுப் பாருங்கள்.

தடம் புரளுதல்

எல்லாப் பெட்டியும் ஒரே இடத்தில் புரண்டால் பாதையில் குறை. ஒரே பெட்டி எல்லா இடத்திலும் புரண்டால் பெட்டியில் குறை. பாதையென்றால் ரசமட்டத்தைக் குறுக்கே வையுங்கள், பெரும்பாலும் ஒரு பக்கம் அமிழ்ந்திருக்கும். பெட்டியென்றால் இரு சக்கரங்களின் உட்பக்க இடைவெளியை அளந்து பாருங்கள். அது 40 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். குறைந்தால் தடம் பிரியும் பாயின்ட்டுகளில் ஏறிவிடும். ஒரு தகட்டை 40 மி.மீ. அகலத்துக்கு வெட்டி வைத்துக்கொண்டால் அளவுகோல் இல்லாமலே பிள்ளைகள் எல்லாப் பெட்டியையும் சோதித்துவிடுவார்கள். 600 மி.மீ. ஆர வளைவில் நீளமான பெட்டிகளை ஓட்டிப் புரள்கிறது என்று வருந்துவதில் பொருளில்லை, 1200 மி.மீ. அளவில் போட இடமிருந்தால் போட்டுவிடுங்கள். ஏற்றம் 2 சதவீதத்துக்குள் இருக்கட்டும். சமதளத்திலிருந்து ஏற்றத்துக்குத் திடீரென்று மாறும் இடத்தில்தான் கப்ளிங் கழன்று பெட்டிகள் பின்னோக்கி ஓடும்.

விளக்குகளும் புகையும்

எரிந்துபோன பல்புக்குப் பதில் எல்இடி வைப்பது எளிது. 24 வோல்ட் வரை போகும் பாதைக்கு 2.2 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டால் 10 மில்லிஆம்பியருக்குள் அடங்கும். எஞ்சின் திசை மாறும்போது துருவமும் மாறுவதால் 1என்4007 டயோடு ஒன்றும் சேருங்கள். புகைக்குழாயில் பாதிக்கு மேல் புகை உண்டாக்கும் திரவம் ஊற்றக்கூடாது, வற்றியபின் ஓடவும் விடக்கூடாது. எங்கள் கணிப்பில் புகை ஓர் அழகு மட்டுமே, பழுதுக்கு முதலில் வரும் உறுப்பும் அதுதான்.

பேட்டரியா, தண்டவாளமா

வாரத்தில் ஒருநாள், அதுவும் சில மணி நேரம் ஓட்டும் குடும்பத்துக்கு, எஞ்சினுக்குள் அல்லது பின்பெட்டியில் பேட்டரி வைத்து ரிமோட்டில் ஓட்டுவதே நிம்மதி. தண்டவாளம் துலக்கவும் இணைப்பு அளக்கவும் தேவையே இல்லை. 4 செல் லித்தியம்-அயான், 14.8 வோல்ட், போதுமான வேகம் தரும். செல் ஒன்றுக்கு 3.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள், நீண்ட நாள் எடுத்துவைப்பதானால் பாதி சார்ஜில் வையுங்கள், உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யவே வேண்டாம். ஒரே பாதையில் பல எஞ்சின்களைத் தனித்தனியாக, நிறுத்தாமல் மணிக்கணக்கில் ஓட்ட விரும்புகிறவர்களுக்கு தண்டவாளம் வழியாகவே ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனி டிஜிட்டல் கட்டளை அனுப்பும் டிசிசி முறை பொருத்தம், ஆனால் அது அழுக்குப் பாதையைச் சற்றும் பொறுக்காது. எந்த முறையானாலும் 24 வோல்ட் மட்டும்தான் வெளியே வர வேண்டும், மெயின் மின்சாரப் பெட்டி வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு அட்டை வைத்து, நல்ல நிலையில் கவிழ்த்து 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் எடுக்கிறது என்று எழுதிவைப்பது நாங்கள் கண்ட மிகச் சிறந்த பழக்கம். அடுத்த முறை அதே 12 வோல்ட்டில் அந்த எண் ஒன்றரை மடங்கானால் கிரீஸ் இறுகியிருக்கிறது, இல்லை ஏதோ உரசுகிறது என்று அர்த்தம், நிற்பதற்கு முன்பே திறந்து பார்க்கலாம்.

பழைய எஞ்சின் வாங்குவதானால் உதிரிபாகம் கிடைக்குமா என்பதை முதலில் விசாரியுங்கள். எல்ஜிபி 2007-ல் மார்க்லின் கைக்கு வந்து இன்றும் தொடர்கிறது. அரிஸ்டோ-கிராஃப்ட் 2013-ல் நின்றுவிட்டதால் அதன் எஞ்சின்களுக்குப் பிறர் செய்யும் பாகங்களையும் பழைய இருப்பையும்தான் நம்ப வேண்டும். கையோடு 9 வோல்ட் பேட்டரி ஒன்று கொண்டுபோய்ச் சக்கரங்களில் தொட்டு, இரண்டு திசையிலும் ஒரே மாதிரி சுழல்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு அச்சையும் விரலால் திருப்பிப் பாருங்கள். பெயின்ட் கீறல் பரவாயில்லை, வழுக்கும் அச்சுக்கு விலையைக் குறைத்துக் கேளுங்கள்.