ஆல்ஃபா ரோமியோ 156, 159: எந்த ஸ்போர்ட்வேகன்?

இரண்டுமே இத்தாலிய ஸ்டேஷன் வேகன்கள்தான், அதாவது கூரை பின்பக்கம் வரை நீண்டு, சாமான் வைக்க இடம் விட்ட கார்கள். 156 ஸ்போர்ட்வேகன் 2000-இல் வந்தது; 159 ஸ்போர்ட்வேகன் 2006-இல் அதன் இடத்தைப் பிடித்தது.

அழகு என்றால் என் ஓட்டு 156-க்கே. வால்டர் டி சில்வாவின் வடிவமைப்பு. பின்கதவுக் கைப்பிடியைச் சன்னல் ஓரத்தில் ஒளித்துவைத்ததால், பார்ப்பவருக்கு இரண்டு கதவுக் கார் போலவே தெரியும். அப்புறம் பொறியாளர் பூசோ உருவாக்கிய அந்த வி6 (ஆறு சிலிண்டர்) இன்ஜின்! 2.5 லிட்டர்தான், ஆனால் அது பாடும் பாட்டுக்காகவே வாங்கலாம். ஜிடிஏ என்ற 3.2 லிட்டர் வகையில் 250 குதிரைத்திறன்.

குறை டிக்கியில். வேகன் என்று பெயர், கொள்ளளவோ சுமார் 360 லிட்டர், 156 செடானைவிடக் குறைவு!

159 இதைச் சரிசெய்தது: சுமார் 445 லிட்டர். வடிவமைப்பாளர் ஜுஜாரோவின் கை பட்ட முகம், கனமான, உறுதியான உடல். அந்தக் கனம்தான் சிக்கல். வளைவுகளில் 156 காட்டும் துள்ளல் இதில் இல்லை. 3.2 வி6-இன் அடிப்படை ஜெனரல் மோட்டார்ஸ் குடும்பத்திலிருந்து வந்தது. பழைய குரலும் போயிற்று.

குடும்பத்தோடு நெடுந்தூரம் போக 159. தனியாக மலைப்பாதை ஏற, தயங்காமல் 156.